பதினோராவது கசெட்

அத்தியாயம் 14

போன கிழமை நாம் பத்மாதேவியை விட்டு வந்தபோது அவள் தென்னேகும்புர பஸ் தரிப்பில் நின்றுகொண்டிருந்தாள். சனிக்கிழமை காலை. கைப்பையின் உள்ளறையில் ரொறன்ரோவிலிருந்து அண்ணன் தேவராசா எழுதிய கடிதம். பக்கத்தில் மகள் சிவமணி.

தெல்தெனியவிலிருந்து வந்த பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு வந்து நின்றது. சிவமணி முதலில் ஏறி, கூட்டத்துக்குள் ஒரு கம்பியைப் பிடித்து, தாய்க்கு ஓரடி இடம் வைத்தாள்.

“அம்மா, இன்னுமொருக்கா யோசியுங்கோ. வேண்டாமெண்டால் நான் தனியப் போய் இறக்கிக்கொண்டு வாறன்.”

“ஏன், நான் வந்தால் என்ன?”

சிவமணிக்கு இருபத்திரண்டு வயது. கண்டியில் ஒரு கணினிக் கல்வி நிலையத்தில் படிப்பிக்கிறாள். தாய் எப்போது கேள்வியையே பதிலாகச் சொல்வாள் என்று அவளுக்குத் தெரியும்.

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். ‘நான் சாம்பியாவில் படிப்பித்த காலத்தில், எண்பதிலிருந்து எண்பத்துமூன்று வரை, நீயும் நடராஜாவும் எனக்கு அனுப்பிய கசெட்டுகள் பதினொன்றும் என்னிடம் இருக்கின்றன. அவற்றைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, ஒவ்வொன்றையும் சுருக்கி ஒரு கோப்பாகக் கட்டி, நான் வாடகைக்கு எடுத்திருக்கும் ஒரு சர்வரில் போட்டிருக்கிறேன். கீழேயுள்ள விலாசத்துக்குப் போனால் இறக்கிக்கொள்ளலாம். வேறு யாரும் கேட்காமல் கடவுச்சொல் வைத்திருக்கிறேன். முல்கம்பொல வீட்டு இலக்கமும் மணி பிறந்த வருடமும்.’

அந்த நாட்களில் வெளிநாட்டுக்குத் தொலைபேசி எடுப்பது லேசான காரியமல்ல. கடிதம் எழுதினால் போதாது போலிருந்தது. அதனால் மாதக் கணக்கில் சேர்த்து ஒரு கசெட்டில் பேசி அனுப்புவார்கள். கண்டித் தபால் கந்தோரில் பார்சல் கவுண்டரில் இருப்பவளே பத்மா என்பதால், கூடப் பேசியதும் அவள், பொதி கட்டியதும் அவள், முத்திரை குத்தியதும் அவள்.

எண்பத்துமூன்று ஆடியில், கச்சேரி என்னும் மாவட்ட அரச அலுவலகத்தில் லிகிதராக இருந்த பத்மாவின் கணவர் நடராஜா கொழும்புக்குப் போனார். அன்றிரவே அங்கே தமிழருக்கு எதிரான கலவரம் வெடித்தது; அவர் திரும்பி வரவில்லை. இரண்டு நாள் கழித்து முல்கம்பொல வீடும் எரிந்தது. அல்பங்கள், கலியாணப் படங்கள், ரெக்கோடர், எல்லாம். பிறகு கச்சேரியில் இருந்த அவருடைய வேலைக் கோவையிலிருந்து ஒரு முத்திரை அளவுப் படம் கிடைத்தது. அது முகத்துக்கு. குரலுக்கு எதுவும் இல்லை. அப்பாவின் குரல் எப்படி இருந்தது என்று சிவமணி கேட்டபோதெல்லாம் பத்மா, “வடிவான குரல்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள்.

குண்டு வெடித்த புனிதப் பல் மாளிகையின் பக்கத்து வீதியை மூடிய நாளிலிருந்து பஸ் கண்டி வாவியைச் சுற்றித்தான் வரும். சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். பத்மா அடையாள அட்டையை நீட்டினாள். சிப்பாய் பெயரைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், கைப்பையைத் திறக்கச் சொன்னான். கடிதத்தை எடுத்துப் பிரித்து, தமிழ் என்று கண்டதும் கீழே இருந்த ஆங்கில விலாசத்தில் விரலை வைத்தான்.

“மே மொகத்த?” இது என்னவென்று கேட்டான்.

“இன்டர்நெட் விலாசம். மாமா அனுப்பினது. பாட்டுக் கசெட்,” என்று சிவமணி சிங்களத்தில் சொன்னாள்.

பாட்டு என்றதும் அவன் கடிதத்தைத் திருப்பித் தந்தான்.

*

கண்டி நகரின் கொழும்புத் தெருவில் உம்மு குல்சுமின் கொமியூனிகேஷன் கடை. இரண்டு தொலைபேசி இணைப்பு, ஒரு போட்டோப் பிரதி மெசின், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரேயொரு கம்ப்யூட்டர். முல்கம்பொலவில் பத்மா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவள் உம்மு குல்சும். எண்பத்துமூன்றில் தாயையும் பிள்ளையையும் பதினொரு நாள் தன் உள் அறையில் வைத்துக் காப்பாற்றியவள். அதை இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

“வாங்க புள்ள. காலயிலயே மெசினப் போட்டு வெச்சீக்கிறன். ரெண்டரைக்குக் கரண்ட் போகும். இப்ப நேரம் பதினொண்டு ஆகப் போகுது.”

சிவமணி விலாசத்தைத் தட்டினாள். மோடம் கீச்சிட்டு, இரைந்து, அடங்கியது. வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்று வந்தது. மேலே தமிழில் எழுத முடியாமல் ஆங்கில எழுத்தில் ‘பத்மாவுக்கு’ என்று இருந்தது. கீழே ஒன்றிலிருந்து பதினொன்று வரை இலக்கங்கள். முதலாவதைத் தெரிவுசெய்து, கடவுச்சொல்லைக் கொடுத்து, பொத்தானை அழுத்தினாள்.

திரை ஒரு கணம் வெறுமையாகி, மேலிருந்து கீழாக நிறையத் தொடங்கியது. சதுரங்கள், கேள்விக்குறிகள், கொம்பு முளைத்த எழுத்துகள், மீண்டும் சதுரங்கள். நிற்காமல் வந்துகொண்டேயிருந்தது.

“யா அல்லாஹ், மெசினுக்கு என்னா நடந்த?” என்றாள் உம்மு குல்சும்.

பத்மா திரைக்குக் கிட்டக் குனிந்தாள். “பழுதாப் போச்சோ?”

“இல்லை, பொறுங்கோ.” சிவமணி திரையின் மேல் மூலைக்குப் போனாள். “முதல் ரெண்டு எழுத்தையும் பாருங்கோ. பி, கே. சுருக்கிக் கட்டின சிப் கோப்பெண்டால் தலையிலை அந்த ரெண்டும் இருக்கும். சாமான் சரியா வந்திருக்கு அம்மா. ஆனா இறக்கி வைக்கிறதுக்குப் பதிலா, இது ஏதோ வாசிக்கிற எழுத்தாக்கும் எண்டு நினைச்சுத் திரையிலை கொட்டுது.”

“ஏன் அப்பிடி நினைக்குது?”

“மாமா சொல்லேல்லை. சர்வர் ஒரு கோப்பைக் குடுக்க முந்தி, இது இன்ன சாமான், இதைக் காட்டாதே இறக்கி வை, இவ்வளவு பெரிசு எண்டு மூண்டு வரி முன்னாலை அனுப்பவேணும். அந்த வரியள் இல்லை.”

பத்மா இருபத்தேழு வருடமாகப் பார்சல் கவுண்டரில் இருப்பவள். 

“லேபல் ஒட்டாத பார்சல்,” என்றாள்.

“அதேதான்.”

“நானெண்டால் கவுண்டரிலேயே திருப்பிக் குடுத்திருப்பன்.”

உம்மு குல்சும் சிரித்துவிட்டாள். சிவமணி கடிதத்தைப் புரட்டி அடியில் இருந்த தொலைபேசி இலக்கத்தைக் காட்டினாள். “மாமாவோடை கதைச்சால்தான் சரிவரும். அவர்தான் அங்கை மாத்தவேணும்.”

“அங்கை இப்ப இரவு ஒரு மணி.”

“எடுத்துப் பாப்பம்.”

முதல் மணியோசை முடியுமுன் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். தூங்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருவர் எடுக்கிற மாதிரி.

“ஹலோ? ஆர், பத்மாவோ?”

“நான் மணி, மாமா.”

 “மணியோ…” என்று ஒரு குரல் வந்தது. அறுபத்தொரு வயது. சிவமணி அந்த மனிதரைக் கண்டதேயில்லை.

உம்மு குல்சும் பத்மாவின் தோளைத் தொட்டு, பேசச் சொல்லிச் சைகை காட்டினாள். பத்மா தலையை ஆட்டி மறுத்தாள்.

நடராஜா போன எட்டாம் நாள் அண்ணனிடமிருந்து ஒரு தந்தி வந்தது. அதன் பிறகு வருடத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை, இரண்டு வரி. சாம்பியாவிலிருந்து கனடாவுக்குப் போனார். ஒரு தரமாவது வந்து எட்டிப் பார்க்கவில்லை. தங்கை தன் தலையில் பாரமாக விழுந்துவிடுவாளோ என்று கையைக் கழுவிவிட்டார் என்றுதான் பத்மா முடிவு கட்டியிருந்தாள். இப்போது பதினெட்டு வருடம் கழித்து ஒரு ஹலோவில் எதைத் தொடங்குவது?

“மாமா, சர்வர் நிரல் நீங்களே எழுதினதோ?”

“ஓம் பிள்ளை. நூலகத்திலை பின்னேர வகுப்புக்குப் போனனான். புத்தகத்தைப் பாத்துப் பாத்து எழுதினது. வேலை செய்யேல்லையோ?”

“முக்கால்வாசி செய்யுது. மூண்டு வரி சொல்லுறன், எழுதுங்கோ.”

“பொறு, கண்ணாடி.”

சிவமணி ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். தேவராசா திருப்பிச் சொன்னார். கணக்கு வாத்தியார் அல்லவா, முற்றுப்புள்ளியைக்கூட விடவில்லை. “முதலாவது வரியிலை இது சிப் எண்டு சொல்லுது. ரெண்டாவது இறக்கச் சொல்லுது, பேரும் குடுக்குது. மூண்டாவது ஏன்?”

“அளவு. அது இல்லாட்டி இறங்கும், ஆனா எவ்வளவு மிச்சம் கிடக்கெண்டு எங்களுக்குத் தெரியாது. இஞ்சை ரெண்டரைக்குக் கரண்ட் போகும் மாமா.”

“அங்கை இப்பவும் அப்பிடியே?” என்று கேட்டுவிட்டு, “போட்டாச்சு, பார்,” என்றார்.

இந்தத் தடவை திரையில் ஒரு சிறிய பெட்டி வந்து, எங்கே வைக்க என்று கேட்டது. உம்மு குல்சும் கைதட்டினாள். முப்பத்தெட்டு நிமிடம் என்று காட்டியது. பச்சைக் கோடு ஊர்ந்தது. உம்மு குல்சும் இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். மத்திய கிழக்கிலிருக்கும் மகளோடு பேசப் புசல்லாவையிலிருந்து வந்திருந்த ஒருவர், மகள் எடுக்கச் சொன்ன நேரம் வராததால் சுவரோர வாங்குப் பலகையில் உட்கார்ந்து காத்திருந்தார். யாரும் அவரை எழுப்பவில்லை, அவரும் அவசரப்படவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கோடு முடிவைத் தொட்டது. சிவமணி கோப்பைத் திறந்தாள்.

திறக்கவில்லை. கோப்பு பழுது என்று வந்தது.

பத்மா எழுந்தாள். “விடு மணி. போதும். வீட்டை போவம்.”

“இருங்கோ அம்மா.”

“அது எங்களுக்கு வராது எண்டால் வராது.”

“அம்மா, இருங்கோ எண்டு சொல்லுறன்!”

மகள் குரல் உயர்த்தியது கடையில் எல்லோருக்கும் கேட்டது. பத்மா கதிரையில் திரும்பி உட்கார்ந்தாள். சிவமணிக்கு முகம் சிவந்திருந்தது. அந்தக் கோப்பையே எழுத்தாகத் திறந்து மேல் பக்கத்தைப் பார்த்தாள். பியும் கேயும் இருந்தன. ஆனால் முதல் வரியில் இல்லை, இரண்டாவது வரியில். அவற்றுக்கு மேலே ஒரு வரி வெறுமையாகக் கிடந்தது.

மீண்டும் ரொறன்ரோவுக்கு எடுத்தாள்.

“மாமா, நான் சொன்ன மூண்டு வரிக்கும் கோப்பைக் குடுக்கிற வரிக்கும் இடையிலை இடம் விட்டிருக்கிறீங்களோ?”

“ஓம், ரெண்டு வரி விட்டனான். பாக்க வடிவா இருக்குமெண்டு.”

“அதிலை ஒண்டு கோப்போடை சேர்ந்து வந்திட்டுது. முன்னாலை ஒரு வெறும் எழுத்து வந்தாலும் சிப் திறக்காது. ஒண்டும் விடாமல் ஒட்டி எழுதுங்கோ.”

“ஐயோ, என்னாலை நாப்பது நிமிசம் போச்சே பிள்ளை!”

“பரவாயில்லை. இன்னும் நேரம் கிடக்கு.”

ஒரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அது இறங்கி முடிந்தது. சிவமணி திறந்தாள். உள்ளே இரண்டு ஒலிக்கோப்புகள், கசெட்டின் இரண்டு பக்கமும். முதலாவதை அழுத்திவிட்டு, சின்ன ஸ்பீக்கர் பெட்டியைத் தாயின் பக்கம் திருப்பி வைத்தாள்.

இரைச்சல். ரெக்கோடரின் பொத்தான் விழுகிற சத்தம். யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“வணக்கம் அத்தான். இது முல்கம்பொல நாற்பத்தேழாம் இலக்க வீட்டிலிருந்து ஒலிபரப்பாகும் விசேட செய்தி அறிக்கை. வாசிப்பவர் நடராஜா. இன்று காலை குழாயில் தண்ணீர் வரவில்லை. உங்கள் தங்கை அவித்த புட்டில் உப்பும் வரவில்லை.”

ஒரு பெண் சிரித்தாள். அடக்க முடியாமல், மூச்சு வாங்கி, மறுபடியும் சிரித்தாள். “பொய் அண்ணை! நம்பாதேங்கோ!”

“செய்தியில் குறுக்கீடு ஏற்பட்டமைக்கு நேயர்கள் மன்னிக்கவும். அடுத்த செய்தி. சிவமணி அம்மையார் இன்று பிற்பகல் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். இரண்டு விநாடிகள். பின்னர் விழுந்தார். சேதம் எதுவுமில்லை.”

தூரத்தில் ஒரு ரெயின் கூவியது. “பொறுங்கோ அத்தான், அஞ்சரை ரெயின்.” தண்டவாளம் அதிர்கிற ஓசை கடையை நிறைத்தது. அவர் பேசாமல் காத்திருந்தார். அவர் மூச்சு விடுவது கேட்டது. “சரி, போட்டுது.”

சிவமணி ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தாள். அந்த முத்திரை அளவுப் படத்தில் அடர்ந்த மீசை இருந்தது. அந்த மீசைக்கு ஏற்ற ஒரு கனத்த குரலை அவளே சின்ன வயதில் உண்டாக்கி வைத்திருந்தாள். நித்திரைக்குப் போகும்போது அந்தக் குரலோடு பேசியும் இருக்கிறாள்.

“இவ்வளவு மெல்லிசான குரலோ அம்மா, அப்பாவுக்கு?”

பத்மா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. “சிரிக்கிறது ஆர்?” என்றாள்.

“நீங்கதான் அம்மா.”

“நானோ?”

உம்மு குல்சும் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள். “ஒங்கட சிரிப்புத்தான் புள்ள. எங்கட ஊட்டுக்குக் கேக்கும். நடராஜா அண்ணன்ட கொரலும் அப்புடியே ஈக்கிது.”

வாங்கில் இருந்த புசல்லாவைக்காரர் மெல்லச் சொன்னார். “இன்னுங் கொஞ்சம் சத்தமா வைங்கம்மா. நல்லா பேசுறாரு.”

ஒரு பக்கம் முழுவதையும் கேட்டார்கள். பம்பலப்பிட்டியில் இருந்து வந்த ஒரு கலியாணக் கடிதம், மாடி வீட்டுக்காரரின் நாய், கச்சேரியில் புதிதாக வந்த அதிகாரி, புளித்துப்போன தோசை மா. ஒரு செய்தியும் பெரிய செய்தி இல்லை. இடையில் ஒரு குழந்தை அழுதது. நடராஜா செய்தி வாசிக்கிற குரலிலேயே அதைச் சமாதானப்படுத்தினார். அதற்கு மட்டும் சிவமணி அழுதாள்.

*

இரண்டு மணிக்கு, மற்றவை எவ்வளவு நேரம் எடுக்கும் என்று பார்க்க சிவமணி அந்தப் பக்கத்துக்குத் திரும்பிப் போனாள். ஒவ்வொரு இலக்கத்தின் பக்கத்திலும் அளவு போட்டிருந்தது. ஆறு எம்பி, ஐந்தரை, ஆறு. பதினோராவதில் மட்டும் பூச்சியம்.

“மாமாவுக்கு ஒரு நன்றி சொல்லுவம்,” என்று எடுத்தவள் அதையும் கேட்டாள்.

தேவராசா தடுமாறினார். பிறகு, “அதோ? அது… கசெட் நாடா பழுதாப் போச்சு பிள்ளை. பூஞ்சணம். சரி, வைக்கிறன்,” என்றார்.

பத்மா தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று மகளின் முகத்தைப் பார்த்தாள். “என்னவாம்?”

சிவமணி, மாமா தடுமாறினதையும் சேர்த்துச் சொன்னாள். பத்மா தலையசைத்தாள். கடிதத்தில் பதினொன்றும் இருக்கின்றன என்றுதான் எழுதியிருந்தார். தான் பொதி கட்டியது பத்தா பதினொன்றா என்பது அவளுக்கு ஞாபகமில்லை. பொதிக்குள் என்ன என்று கேட்டால் சிலர் சொல்லத் தயங்குவார்கள், பிறகு தேவைக்கு மேல் விளக்கம் சொல்வார்கள். அந்தத் தயக்கத்தை அவள் கவுண்டரில் நாளுக்குப் பத்துத் தரம் கேட்கிறவள்.

இரண்டரைக்கு மின்விசிறி நின்றது. திரை அணைந்தது. உம்மு குல்சும் கதவை அகலத் திறந்து வைத்தாள்.

*

ஆறரைக்கு வீட்டில் தொலைபேசி அடித்தது. மின்சாரம் வந்துவிட்டிருந்தது. சிவமணி குசினியில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். பத்மாதான் எடுத்தாள்.

“பத்மா.”

பதினெட்டு வருடத்துக்குப் பிறகு அண்ணன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அப்போதுதான்.

“சொல்லுங்கோ அண்ணை.”

“கேட்டனியளோ?”

“முதலாவது கேட்டனாங்கள்.”

“ரெயின் வந்ததோ?”

“வந்தது.”

 தேவராசா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“பதினொண்டாவது பழுதில்லை, பத்மா. நான் போடேல்லை.”

“தெரியும்.”

“நடராஜா வெளியிலை வர விரும்பினவன். எழுபத்தேழுக் கலவரத்திலை பட்டதே காணும், இனி இஞ்சை வேண்டாம், எங்களைக் கூப்பிடுங்கோ எண்டு என்னட்டை ரெண்டு மூண்டு தரம் கேட்டவன். உனக்குச் சொல்லவேண்டாம் எண்டும் சொன்னவன். நீ கண்டியை விட்டு வரமாட்டாய், எல்லாம் சரிவந்த பிறகு சொல்லிச் சம்மதிக்க வைக்கிறன் எண்டவன். கொழும்பிலை என்ரை சிநேகிதன் ஒருத்தன் விசா அலுவல்கள் பாத்தவன். ஆடி இருபத்தஞ்சு, திங்கட்கிழமை காலமை அவனைப் போய்ச் சந்தி எண்டு கச்சேரிக்குத் தந்தி அடிச்சது நான்.”

பத்மா சுவரில் கையை ஊன்றினாள்.

“சரி, ஞாயிறு பின்னேரம் வெளிக்கிடுறன் எண்டு அவன் அந்தக் கசெட்டிலைதான் சொல்லியிருக்கிறான். உன்ரை கந்தோரிலை போட்டால் கண்டிடுவாய் எண்டு பேராதனைத் தபால் கந்தோரிலை போட்டிருக்கிறான். அது என்ரை கையிலை கிடைக்கேக்கை… எல்லாம் முடிஞ்சு மூண்டு கிழமை.”  “நான் போகச் சொன்ன நாள், பத்மா. வேறை நாள் சொல்லியிருக்கலாம். எந்த நாளும் சொல்லியிருக்கலாம். பிறகு உன்ரை முகத்திலை என்னெண்டு முழிக்கிறது? அதுதான் வரேல்லை. அதுதான் ரெண்டு வரிக்கு மேலை எழுதவும் இல்லை.”

“அப்ப என்ரை கடிதம்?” என்றாள் பத்மா.

“எந்தக் கடிதம்?”

பத்மா ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

“என்னைத் திருகோணமலைக்கு மாத்தினவங்கள். அதை நிப்பாட்டச் சொல்லி ஒரு கடிதம் எழுதினனான், தலைமைக் கந்தோருக்கு. தபாலிலை போனால் சுணங்கும், நீங்கள் கொண்டுபோய்க் கையிலை குடுத்திட்டு வாங்கோ எண்டு அவரிட்டைக் குடுத்தனான். உடனே ஓம் எண்டவர். அதுக்காகத்தான் போனவர் எண்டு… நான் தபால் கந்தோர்க்காரி, அண்ணை. ஒரு முத்திரை ஒட்டியிருந்தால் போதும். பதினெட்டு வருசமா ஒவ்வொரு முத்திரை குத்தேக்கையும் அதுதான் ஞாபகம் வாறது.”

“நீ எனக்கு இதை ஒருநாளும் சொல்லேல்லையே!”

“நீங்களும்தான் சொல்லேல்லை.”

குசினியில் சத்தம் நின்றுவிட்டது. சிவமணி கதவடியில் வந்து நிற்பதைப் பத்மா கண்டாள்.

நெஞ்சுக்குள் ஒன்று இளகுவதையும், அதே இடத்தில் இன்னொன்று கொதித்து எழுவதையும் அவள் உணர்ந்தாள். தன்னால் இல்லை. அந்தக் கடிதம் இல்லாவிட்டாலும் அவர் அந்த ரெயினில் ஏறியிருப்பார். அதைச் சொல்லக்கூடிய ஒரே ஒரு மனிதர் உலகத்தின் மறுபக்கத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். அவர் பயந்தார். அந்தப் பயத்துக்கு அவள் தன் வாழ்வில் பதினெட்டு வருடத்தைக் கொடுத்திருக்கிறாள்.

“அண்ணை, மன்னிக்கச் சொல்லி இப்ப என்னைக் கேளாதேங்கோ.”

“கேக்கேல்லை.”

“அந்தக் கசெட்டைப் போடுங்கோ. ஒண்டையும் வெட்டாமல் போடுங்கோ.”

“இப்பவே ஏத்துறன். விடிய உங்களுக்கு இருக்கும்.” அவர் தயங்கினார். “பத்மா, அதிலை ரெண்டாம் பக்கம் கடைசிப் பத்து நிமிசம் எனக்கில்லை. எல்லாம் சரிவந்தால் இதைத் தங்கச்சிக்குத் திருப்பி அனுப்புங்கோ எண்டிட்டு, உன்னோடை கதைச்சிருக்கிறான். நான் அதை ஒரு தரம்தான் கேட்டனான். அதுக்குப் பிறகு கேக்கேல்லை.”

பத்மா ரிசீவரை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

“மாமா என்ன சொன்னவர்?” சிவமணி கேட்டாள்.

சொன்னாள். ஒன்றையும் ஒளிக்காமல், தந்தியையும் கடிதத்தையும் பேராதனைத் தபால் கந்தோரையும். சிவமணி நிலத்தில் உட்கார்ந்து கேட்டாள். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அப்பா உங்களைக் கேட்டிருந்தால் போயிருப்பீங்களோ?”

“மாட்டன் எண்டிருப்பன்.” பத்மா யோசிக்கவேயில்லை. “அது அவருக்குத் தெரியும்.”

கீழே வீதியில் ஹுன்னஸ்கிரியவுக்குப் போகும் கடைசி பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

“நாளைக்கு ஞாயிறு,” என்றாள் சிவமணி. “உம்மு மாமி கடை திறப்பாவோ?”

“கேட்டால் திறப்பா.”

“அந்தக் கடைசிப் பத்து நிமிசம் நான் வெளியிலை நிக்கிறன். நீங்க தனியக் கேளுங்கோ.”

பத்மா வேண்டாமென்று தலையசைத்தாள். மகளுக்குப் பக்கத்தில், நிலத்தில், தானும் மெல்ல உட்கார்ந்தாள்.

“அவர் என்னட்டைக் கடைசியாச் சொன்னது என்ன தெரியுமோ? வாசல் படலையடியிலை திரும்பி நிண்டு, ‘குடையை விட்டிட்டன், பரவாயில்லை’ எண்டவர். அவ்வளவுதான். அதுதான் கடைசி எண்டு நானும் இவ்வளவு காலம் இருந்திட்டன்.” அவள் மகளின் கையைப் பிடித்தாள். அந்தக் கை குளிர்ந்திருந்தது. “இன்னும் பத்து நிமிசம் இருக்காம், மணி. எனக்குப் பயமாக் கிடக்கு.”